பத்தாவது கையெழுத்து

14, கிளிஃப் தெரு, ஸ்கெல்பி
9 மே 1983

மதிப்பிற்குரிய திரு. ஸ்டாதர் அவர்களுக்கு,

இருபத்திரண்டு வருடமாக எதிர்வீட்டிலிருந்து உங்களை லென் என்றே கூப்பிட்டுப் பழகியவள் நான். இன்று அப்படித் தொடங்கக் கை வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை உங்கள் கதவை மூன்று தடவை தட்டினேன். நீங்களும் பெரிலும் முதல் பேருந்துக்கே லெஸ்டருக்கு, மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டீர்கள் என்று உங்கள் பக்கத்து வீட்டு ஐவிதான் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

நடந்ததை நீங்கள் என் வாயால் கேட்க வேண்டும். மார்ச் மாதம் ராய் ஃபென்விக் பள்ளிச் சமையலறைக்கு வந்தார். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். "எல்லா வார்டுலயும் நம்ம கட்சி பேர் சீட்டுல இருக்கணும்னு மேலேருந்து உத்தரவு. உங்க வார்டுக்கு ஆள் கிடைக்கல எட்னா. பேரை மட்டும் குடுங்க. நோட்டீஸ்கூட அடிக்கப் போறதில்ல. ஸ்டாதரை யார் தோற்கடிக்கப் போறாங்க?" என்றார். என் புருஷன் இருந்த காலத்திலிருந்தே அந்தக் கட்சிக்குச் சந்தா கட்டுகிற வீடு எங்களுடையது. கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். பிறகு அதை மறந்தும் போனேன்.

வடக்குக் கடற்கரைக் கழிப்பறைகளை மூட நீங்கள் கை தூக்கியதற்கு ஊர் இவ்வளவு கோபப்படும் என்று யாருக்குத் தெரியும்? பத்தொன்பது வருடம் இந்த வார்டுக்கு உழைத்தவர் பதினேழு ஓட்டில் தோற்றார். எனக்கு விழுந்ததில் ஒன்றுகூட எனக்காக விழுந்ததில்லை. மீன் கடைக்காரன் சனிக்கிழமை என்னைப் பார்த்து, "என்ன கவுன்சிலரம்மா, சாவி உங்ககிட்ட தானே? அவசரமா போகணும்" என்றான். கடையே சிரித்தது.

நான் உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

நான் விலகிவிட்டால் நீங்கள் மறுபடி நிற்பீர்களா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

எட்னா கார்பட்

*

லெஸ்டர்
21 மே 1983

திருமதி கார்பட் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

விலக வேண்டாம். விலகினால் இன்னொரு தேர்தல், அதற்கும் ஊர்தான் செலவு செய்ய வேண்டும். மக்கள் தங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எந்தக் காரணத்துக்காக என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது. எனக்கு ஓட்டுப் போட்டதாகச் சொல்வது தங்கள் நல்ல மனதைக் காட்டுகிறது. அதை வேறு யாரிடமும் சொல்லாதிருப்பது நல்லது.

நாங்கள் திரும்பி வரப்போவதில்லை. பெரிலுக்கு மூச்சிரைப்பு. மகள் பக்கத்தில் இருப்பது நல்லது என்று முடிவு செய்துவிட்டோம். வீட்டை விற்கத் தரகரிடம் கொடுத்திருக்கிறேன். சாவி ஐவியிடம் இருக்கிறது. அவருக்கு முழங்கால் வலி. வீடு பார்க்க வருகிறவர்களுக்குத் தாங்கள் திறந்து காட்ட முடியுமானால் நன்றி உடையவனாக இருப்பேன். முடியாவிட்டாலும் வருத்தமில்லை.

லெ. ஸ்டாதர்

*

கிளிஃப் தெரு
18 ஜூலை 1983

அன்புள்ள லென்,

இனி லென் என்றே எழுதப் போகிறேன். திட்டினாலும் சரி.

வீட்டை இதுவரை நான்கு பேருக்குத் திறந்து காட்டினேன். கடைசியாக வந்தது நட்டல் என்று ஓர் இளம் ஜோடி. அவன் காலின், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவள் ஷெரில். கைக்குழந்தை ஒன்று. ஷெரில் பின்பக்கத்து அறைக்குள் போனதும் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. "கண்ணைத் தொறந்தா கடல்தானா?" என்று கேட்டாள். "கண்ணை மூடினாலும் கடல்தான்மா. சத்தம் கேக்கும்ல" என்றேன் நான். தொட்டிலை எங்கே போடுவது என்று அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெரில் நட்ட ரோஜா இப்போது பூத்திருப்பதையும் காட்டினேன். அவர்களுக்கு வீடு பிடித்துவிட்ட மாதிரிதான் என்று நினைக்கிறேன்.

கவுன்சில் வேலை எனக்குப் புரியவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் தலையாட்டுகிறார்கள், நான் எப்போதும் ஒரு நொடி பிந்திவிடுகிறேன். கழிப்பறையை மூடிய கோபத்தில்தான் ஜெயித்தேன், அதைத் திறக்கவாவது செய்யலாம் என்று பார்க்கிறேன். பழைய காகிதங்கள் எங்கே இருக்கும்?

எட்னா

*

லெஸ்டர்
25 ஜூலை 1983

எட்னா,

நட்டல் தம்பதியோடு ஒப்பந்தம் முடிந்தது. தங்கள் உதவிக்கு நன்றி.

குழந்தை இருப்பதைத் தரகர் சொல்லவில்லை.

தோட்டத்தின் கடல் பக்கம் கொட்டகை எதுவும் போட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவையுங்கள். மண் இளகல். காகிதங்களைப் பற்றி எழுத்தரைக் கேளுங்கள். பொதுப்பணிக் குழுவின் அலமாரியில் பழையவற்றைக் கிளற வேண்டிய அவசியம் இருக்காது.

லென்

*

கிளிஃப் தெரு
12 நவம்பர் 1983

லென்,

கழிப்பறைக் காகிதம் தேடித்தான் அந்த அலமாரியைத் திறந்தேன். எழுத்தர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

நீல நிற உறை. மேலே "இரகசியம்" என்று முத்திரை. 1979-ல் பொறியாளர் எழுதிய அறிக்கை. கடல் தடுப்புச் சுவரை வடக்கே நீட்டுவது கட்டுப்படியாகாது என்கிறது. இருக்கிற சுவர் தெற்கே விடுதிகளுக்கு மட்டும். பின்னால் ஒரு வரைபடம் மடித்து வைத்திருந்தது. நம் தெருவின் மேல் இரண்டு கோடுகள். சிவப்புக் கோட்டுக்குள் கடல் பக்கத்து எட்டு வீடுகள், பதினைந்து வருடத்துக்குள் மண் சரிந்து கடலுக்குள் போய்விடும். நீலக் கோட்டுக்குள் என் பக்கத்து எட்டு, முப்பது வருடத்துக்குள். போகிற வீட்டுக்கு நஷ்டஈடு கிடையாது. இடிக்கிற செலவும் வீட்டுக்காரருடையது.

கடைசிப் பக்கத்தில் குழுத் தலைவர் கையெழுத்து இருந்தது. அந்தக் கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். வருடா வருடம் கிறிஸ்துமஸ் வாழ்த்தில் பார்க்கிறதுதானே.

1979 லென். நீங்கள் வீட்டை விற்றது போன ஜூலையில். திறந்து காட்டியது நான். ஜன்னலைக் காட்டினேன். கடலைப் பற்றி வேடிக்கையாகப் பேசினேன்.

இது அது இல்லை என்று எழுதுங்கள். நான் படித்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று எழுதுங்கள்.

எட்னா

*

லெஸ்டர்
20 நவம்பர் 1983

எட்னா,

இரகசியம் என்று குறிக்கப்பட்ட மன்ற ஆவணங்களைத் தபாலில் விவாதிப்பது முறையாகாது. பொறியாளர்களின் கணக்கு பல சமயம் தவறியிருக்கிறது. இதற்கு மேல் என்னால் எழுத இயலாது.

லெ. ஸ்டாதர்

*

கிளிஃப் தெரு
2 டிசம்பர் 1983

லென்,

உங்கள் கடிதத்தை ஒரு நிமிடத்தில் படித்தேன். ஒரு வாரம் கோபப்பட்டேன். இப்போது கோபம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த உறையைப் பார்த்த மூன்றாம் நாள் நானும் தரகரைக் கூப்பிட்டேன். அவர் வந்து நாடா வைத்து அளந்தார். சமையலறையைப் பார்த்து, "நல்லா வெச்சிருக்கீங்கம்மா, சட்டுனு போயிடும்" என்றார். தலையாட்டினேன். கூட்டத்தில் தலையாட்டிப் பழகியது உதவியது. அவர் போன பிறகு ஷெரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு முட்டை கடன் கேட்டாள். கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தேன். மறுநாள் தரகருக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சில நாளில் நீங்கள் எப்படி நான்கு வருடம் இருந்தீர்கள் என்பது எனக்குப் புரிந்தது.

ஜனவரி 26-ம் தேதி பொதுக் கூட்டம். நீங்களே வந்து சொல்லுங்கள். பத்தொன்பது வருடம் அவர்களுக்காகப் பேசியவர் நீங்கள், உங்கள் வாயால் கேட்டால் பொறுத்துக்கொள்வார்கள். நீங்கள் வராவிட்டால் நான் அதை எழுந்து படிப்பேன்.

எட்னா

*

லெஸ்டர்
15 ஜனவரி 1984

எட்னா,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

பொறியாளர் அந்த வரைபடத்தை மேசையில் விரித்தபோது அறையில் குழு உறுப்பினர்கள் நான்கு பேர் இருந்தோம். மற்ற மூவரும் தெற்குப் பக்கத்துக்காரர்கள். ஒருவர், "நல்லவேளை, விடுதிங்க பக்கம் வரல" என்றார். நான் என் வீட்டின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டேன். கூட்டம் முடிகிறவரை விரலை எடுக்கவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து முன்கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்தேன். பெரில், "இப்ப எதுக்கு?" என்று கேட்டாள். தூரிகையைக் கழுவப் போய்விட்டேன்.

சுவருக்காக நான் கெஞ்சாத அலுவலகம் இல்லை. யாரிடமும் காரணத்தைச் சொல்லாமல் கெஞ்சினேன். அதனால்தான் எவரும் காது கொடுக்கவில்லையோ என்னவோ. நான் நினைத்தது இதுதான். சொன்னால் பதினாறு வீடும் அன்றைக்கே செத்துவிடும். சொல்லாவிட்டால் கடல் வருகிறவரைக்கும் அவை உயிரோடிருக்கும். மனிதர்கள் பூந்தொட்டி வைப்பார்கள், சுவருக்குக் காகிதம் ஒட்டுவார்கள். அந்தப் பதினைந்து வருடத்தைப் பிடுங்க எனக்கு உரிமை உண்டா?

இது நல்ல நியாயமாகத்தான் இருந்தது, நான் வீட்டை விற்கிற வரை. தோற்ற மறுநாள் இங்கே வந்து மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்குள் ஒரு குரல், இனி அந்தத் தெரு உன் பொறுப்பு இல்லை என்றது. அதைத்தான் கேட்டேன். வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

நான் வர மாட்டேன். எனக்குத் தைரியம் இல்லை. உங்களையும் கெஞ்சிக் கேட்கிறேன், படிக்காதீர்கள். ஐவியின் வீட்டை வாங்க ஆள் வந்திருப்பதாக அவர் பெரிலுக்கு எழுதியிருக்கிறார். பிப்ரவரி நடுவில் கையெழுத்தாம். கனடாவில் மகனிடம் போய்விடுவார். அது முடிகிறவரையாவது பொறுங்கள்.

லென்

*

கிளிஃப் தெரு
3 பிப்ரவரி 1984

லென்,

படித்துவிட்டேன்.

ஐவியைப் பற்றி நீங்கள் எழுதியதை நினைக்காமல் இல்லை. அந்த வீட்டை வாங்க வந்தவர் ஹல்லிலிருந்து ஓய்வு பெற்ற மாலுமி. அவரையும் ஒரு தடவை பார்த்தேன். தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் சொன்னார். இன்னொருவருக்குக் கதவைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்க என்னால் முடியவில்லை.

பார்வையாளர் இடத்தில் வழக்கமாக இரண்டு பேர் இருப்பார்கள். அன்று பதினொரு பேர், கழிப்பறைப் பேச்சுக்காக வந்தவர்கள். நான் எழுந்து உறையைப் பிரித்ததும் தலைவர், "உட்காருங்க திருமதி கார்பட், அது பொதுவுல படிக்கிற காகிதம் இல்ல" என்றார். மணியை அடித்தார். நான் சத்தமாகப் படித்தேன். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்கு மேலே கத்திப் பழகியவள் நான். மணி எடுபடவில்லை.

எனக்கு நன்றி சொல்வார்கள் என்று நினைத்தேனா? கொஞ்சம் நினைத்தேன். அதை ஒத்துக்கொள்கிறேன்.

வரைபடம் வெள்ளிக்கிழமை பத்திரிகையில் வந்தது. சனிக்கிழமை மாலுமி பின்வாங்கிவிட்டார். ஞாயிறு ஐவி வேலியில் நின்றாள். முழங்கால் வலியோடு தெருவைக் கடந்து வந்து என் வேலியில் நின்றாள். "இன்னும் மூணு வாரம். மூணு வாரம் உன் வாய் தாங்காதா எட்னா?"

"அந்த ஆளை ஏமாத்தின மாதிரி ஆயிருக்குமே ஐவி."

"அவனுக்கு நான் யாரு? எனக்கு அவன் யாரு? நீ யாருன்னு நெனச்சேன் தெரியுமா எனக்கு?" என்றாள். வீட்டை விட்டுவிட்டு மகனிடம் போகச் சொன்னேன். டிக்கெட் அவன் அனுப்புவான்தானே. "கையை வீசிக்கிட்டு மருமக வாசல்ல போய் நிக்க மாட்டேன்" என்று திரும்பிப் போய்விட்டாள்.

காலின் நட்டல் என் வீட்டுக்குள் வந்தான். கத்தவில்லை. "உங்களுக்கு அப்பவே தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். நம்பவில்லை. உங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. உங்கள் கையெழுத்து பத்திரிகையிலேயே அச்சாகியிருந்தது.

கட்சி என்னை விலக்கிவிட்டது. இனி எனக்கு எழுத வேண்டாம். நானும் எழுதப் போவதில்லை.

எட்னா

*

கிளிஃப் தெரு
11 பிப்ரவரி 1986

லென்,

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். ஐவி இறந்துவிட்டாள்.

பால்காரர்தான் கண்டுபிடித்தார். இரண்டு பாட்டில்கள் வாசலிலேயே உறைந்துபோய் நின்றிருக்கின்றன. அடுப்பங்கரை நாற்காலியில் கோட்டு போட்டபடி இருந்தாளாம். முன்னறையில் ஈரம் ஏறிவிட்டது, வீட்டைச் செப்பனிட அவள் எதையும் செலவழிக்கவில்லை. கடலுக்குப் போகிற வீட்டுக்கு எதற்கு என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொல்வாள். இரண்டு வருடமாக என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ரொட்டிக் கடையில் நான் நுழைந்தால் அவள் வெளியே வந்துவிடுவாள். மற்றவர்களும் அப்படித்தான். ஆனால் மற்றவர்கள் எனக்கு ஐவி இல்லை.

மகன் கனடாவிலிருந்து வந்தான். அடக்கத்துக்கு வர வேண்டாம் என்று எனக்குச் சொல்லி அனுப்பினான். தேவாலயத்துக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். இரண்டு பேருந்துகளைப் போக விட்டேன். பெட்டி உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நீங்கள் அன்று எழுதியிருந்தீர்கள், அது முடிகிறவரையாவது பொறுங்கள் என்று. உங்களுக்குச் சொல்ல உரிமை இல்லாத வார்த்தை அது. ஆனாலும் நீங்கள் சொன்னதுதான் சரியாக இருந்திருக்குமோ? இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு உங்களைத் தவிர ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

இன்னொன்று. இந்தக் குளிர்காலத்தில் உங்கள் பழைய தோட்டத்தில் கடல் பக்கத்து வேலி போய்விட்டது. பெரிலின் ரோஜாவும் போனது. நட்டல் வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு மூன்று வயது, ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். ஷெரில் துணி காயப் போடும்போது அவள் இடுப்பில் கயிறு கட்டிக் கொடிக் கம்பத்தில் முடிந்து வைக்கிறாள். அவர்களால் விற்கவும் முடியாது, கடன் கட்டுகிற வீட்டை விட்டுப் போகவும் முடியாது. என் சமையலறை ஜன்னலிலிருந்து அந்தக் கயிறு தெரிகிறது.

எட்னா

*

லெஸ்டர்
2 மார்ச் 1986

அன்புள்ள எட்னா,

நீங்கள் கேட்ட கேள்வியைப் பல தடவை படித்தேன். நான் வாயை மூடியதால் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டது. நீங்கள் வாயைத் திறந்ததால் ஐவி மாட்டிக்கொண்டார். ஆனால் நான் மூடியது எனக்காக. நீங்கள் திறந்தது உங்களுக்காக இல்லை. இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

கயிற்றைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பெரிலுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பச்சை பெயிண்ட் அடிச்சதே அதுக்குத்தானா?" என்றாள். ஆமாம் என்றேன். "நாலு வருஷம் பக்கத்துல படுத்துக்கிட்டு எங்கிட்டயே சொல்லல. பேப்பர்ல பாத்து நான் தெரிஞ்சுக்கிட்டேன்."

வீடு விற்ற பணத்தில் நாங்கள் எதுவும் வாங்கவில்லை. என்னால் அதைத் தொட முடியவில்லை. நேற்று நட்டலுக்கு எழுதிவிட்டேன். அவர்கள் கொடுத்த விலைக்கே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு அவர்கள் சுவர் இருக்கிற ஊருக்குப் போகட்டும்.

வீடு காலியாகக் கிடந்தால் இடிந்துபோகும். நான் வந்து இருக்கப் போகிறேன். பெரில் வரவில்லை. "நீ போ லென். உனக்கு அங்க வேலை இருக்கு. எனக்கு இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என்னோடு பேச வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

லென்

*

14-லிருந்து 9-க்கு, கதவிடுக்கு வழியாக
3 ஏப்ரல் 1987

லென்,

ஒரு வருடமாக எதிரெதிரே இருக்கிறோம், கை ஆட்டுவதோடு சரி. பேச வாய் வரவில்லை என்பதற்காக வருந்துகிறேன். உங்களைப் பார்த்தால் ஐவியின் கதவும் சேர்ந்தே கண்ணில் படுகிறது. அதனால் இதையும் எழுதித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மே மாதத் தேர்தலில் மறுபடி நிற்கிறேன், கட்சி இல்லாமல். ஃபென்விக்கின் கட்சி இந்தத் தடவை கிரீவை நிறுத்துகிறது, கடலோரத்தில் மூன்று விடுதி வைத்திருக்கிறவர். எனக்குக் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. சுவர் கட்ட மாட்டார்கள், சரி. வீடு போகிறவர்களுக்கு மன்றத்தின் வாடகை வீட்டில் முதல் இடம் கொடுக்கட்டும். மூன்று வருடமாகக் கேட்கிறேன். கை தூக்கியது நான் ஒருத்தி.

வேட்புமனுவுக்கு வார்டு வாக்காளர்கள் பத்து பேர் கையெழுத்து வேண்டும். மூன்று வாரமாக வீடு வீடாகப் போகிறேன். நம் தெருவில் ஒருவர் கதவைத் திறந்து, "எங்க வீட்டு விலையைக் கடல்ல போட்டவ வந்திருக்கா" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். இன்னொரு வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார்கள். பள்ளியில் என்னோடு வேலை செய்கிறவர்கள் நான்கு பேர், மீன் கடைக்காரன், அவன் மனைவி, தேவாலயத்தில் பியானோ வாசிக்கிறவர், இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியைகள். ஒன்பது. புதன்கிழமை நண்பகலோடு முடிகிறது.

பிப்ரவரி வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் மறுபடி வந்திருப்பதைப் பார்த்தேன்.

எட்னா

*

9-லிருந்து 14-க்கு
அதே நாள் பிற்பகல்

எட்னா,

போடுகிறேன். ஆனால் முதலில் நன்றாக யோசியுங்கள். என் பெயர் இந்த ஊரில் என்ன விலைக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். கசாப்புக் கடையில் என் முறை வந்தால் அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள். மனுவில் யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதை எதிர்த்தரப்பு போய்ப் பார்க்கலாம். கிரீவ் பார்ப்பார், வார்டு முழுக்கச் சொல்லுவார். மூடி மறைத்தவனும் போட்டு உடைத்தவளும் சேர்ந்துகொண்டார்கள் என்பார். இருக்கிற கொஞ்ச ஓட்டையும் என் பெயர் தின்றுவிடும். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. வேறு யாராவது கிடைப்பார்களா பாருங்கள்.

லென்

*

14-லிருந்து 9-க்கு
4 ஏப்ரல்

லென்,

வேறு யாரும் கிடைக்க மாட்டார்கள். கிடைத்தாலும் இனி வேண்டாம். அந்த உறையில் என்ன இருந்தது என்று இந்த ஊரில் உண்மையாகத் தெரிந்த இரண்டு பேர் நாம். நம் பெயர்கள் ஒரே காகிதத்தில் இருக்கட்டும்.

மனுவை இதோடு வைத்திருக்கிறேன். பத்தாவது வரி. பெயரைத் தெளிவாக எழுதுங்கள், எழுத்தர் குறை கண்டுபிடிக்கக் காத்திருப்பார்.

எட்னா

*

9-லிருந்து 14-க்கு
8 மே 1987

அன்புள்ள எட்னா,

நீங்கள் ஓட்டு எண்ணிக்கைக்கு வராதது நல்லதுதான். உங்கள் முகவராக நான் நின்றேன். எப்படி நடந்தது என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள்.

நகர மண்டபத்தில் காலை பத்து மணிக்குத் தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு மேசை, ஐம்பது ஐம்பதாகக் கட்டு. கிரீவின் கட்டுகள் மேசை விளிம்பு வரை வந்துவிட்டன. உங்களுக்கு ஒரே ஒரு முழுக்கட்டு. அதன் பக்கத்தில் மெலிதாகக் கொஞ்சம் சீட்டுகள். ஃபென்விக் என் அருகில் வந்து, "நீங்க ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல நிப்பீங்கன்னு கனவுலயும் நெனக்கல ஸ்டாதர்" என்றார். நானும் நினைக்கவில்லை என்றேன்.

கிரீவ் 688. நீங்கள் 63. எழுத்தர் உங்கள் எண்ணைப் படித்தபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். கிரீவ் நன்றியுரையில், ஸ்கெல்பிக்கு இனி நல்ல செய்தி மட்டும்தான் என்றார். கை தட்டினார்கள். வாடகை வீட்டுத் தீர்மானம் இதோடு முடிந்தது. இனி அதற்குக் கை தூக்க மன்றத்தில் ஒருவரும் இல்லை.

இதை ஆறுதலாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டவர்கள் பத்து பேர். நீங்கள் ஒன்று. பதினொன்று. மீதி ஐம்பத்திரண்டு சீட்டுகளை யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நம் தெருவுக்கு வாக்குச்சாவடி தேவாலயக் கூடம். அந்தப் பெட்டியைத் திறந்தபோது அருகிலேயே நின்றேன். அதிலிருந்தும் உங்கள் சீட்டுகள் வந்தன. கையெழுத்துப் போட்ட மற்ற ஒன்பது பேருக்கும் வேறு சாவடி. அந்தப் பெட்டியில் நமக்குத் தெரிந்த ஓட்டு உங்களுடையதும் என்னுடையதும் மட்டும். நான் பார்த்தபோதே இருபதுக்கு மேல் எண்ணிவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் கலந்துவிட்டார்கள்.

இன்று மாலை மூன்றாம் எண் வீட்டுக்கு எரிவாயுக் குழாயைத் துண்டிக்க ஆள் வந்திருக்கிறது. அவர்கள் மகள் வீட்டுக்குப் போகிறார்களாம்.

லென்

*

14-லிருந்து 9-க்கு
9 மே 1987

அன்புள்ள லென்,

கடிதம் கிடைத்தது. நின்றதற்கு நன்றி. அந்தச் சிரிப்பை என் சார்பில் நீங்கள் கேட்டுக்கொண்டதற்கும்.

திங்கட்கிழமை எழுத்தரிடம் சாவியையும் அடையாள அட்டையையும் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் வாடகை வீட்டு மனுவை நகல் எடுத்து, கடலுக்குப் போகிற ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒன்று போடப் போகிறேன். கவுன்சிலர் இல்லாமலே அவர்களே எழுதிக் கேட்கலாம். கிடைக்காது. ஆனாலும் கேட்டதற்குக் காகிதம் இருக்கும்.

காலையில் ரொட்டிக் கடைக்குப் போனேன். வரிசையில் எட்டுப் பேர், எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. வழக்கம்தான். மூன்று வருடமாக இப்படி நின்று பழகிவிட்டேன். முன்னால் இருக்கிற முதுகுகளைப் பார்ப்பேன், ஒவ்வொன்றையும் ஐவியின் பெயரைச் சொல்லி மனதுக்குள் வைவேன். அப்படித்தான் அந்த வரிசையில் நிற்க முடிந்தது.

இன்று அது வரவில்லை. முதல் முதுகைப் பார்த்தேன், அந்த ஐம்பத்திரண்டில் ஒருத்தி இவளாக இருக்குமோ என்று தோன்றியது. அடுத்ததைப் பார்த்தேன். ஒருத்தி திரும்பி என்னைப் பார்த்தாள். உடனே ரொட்டித் தட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெறுப்பிலா, இல்லை பயத்திலா என்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு நாள் எல்லாரையும் ஒரேயடியாக வெறுக்க முடிந்தது லென். அது எனக்குப் பெரிய துணையாக இருந்தது. இனி அதுவும் முடியாது.

எட்னா